வெளிநாட்டுக் கிளைக்கு இடமாற்றமா? புதுச்சேரி, கடலூர் ஊழியர்களுக்கான விசா வழிகாட்டி

சேதராப்பட்டு, திருபுவனை, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளிலும் கடலூர் சிப்காட்டிலும் வெளிநாட்டுத் தாய் நிறுவனங்களோடு இணைந்த ஆலைகள் இருக்கின்றன. வீடு புதுச்சேரியிலும் வேலை சென்னை பழைய மகாபலிபுரம் சாலையிலுமாக, வாரக் கடைசியில் மட்டும் ஊர் திரும்பும் மென்பொருள் ஊழியர்களும் குறைவில்லை. இவர்களில் ஒருவரை மேலாளர் அழைத்து, "உங்களை இரண்டு வருடம் அங்கே அனுப்பலாம் என்றிருக்கிறோம்" என்று சொன்ன நாளிலிருந்து, அந்த நாட்டில் இறங்கி முதல் மாதச் சம்பளம் வாங்கும் வரை செய்ய வேண்டியவை இங்கே வரிசையாக இருக்கின்றன.

ஒரே நிறுவனத்தின் வெளிநாட்டு அலுவலகத்துக்குப் போகிறவருக்கான இந்த இடமாற்ற விசாவின் அடிப்படையை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். இது நிறுவனத்தின் விசா. மனுப் போடுவது நிறுவனம், கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டுவது நிறுவனம், வேலையை விட்டால் விசாவும் அத்தோடு சரி. அதனால்தான் பலர் "ஹெச்.ஆர். பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் தூதரகச் சன்னலுக்கு முன் நிற்கப்போவது ஹெச்.ஆர். அல்ல. உங்கள் பெயரில் என்ன எழுதி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு தாளையும் கேட்டு வாங்கிப் படிப்பதுதான் இந்த வழிகாட்டி முழுவதும் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போகும் வேலை.

இதிலிருந்தே இன்னொன்றும் விளங்கும். "ஐந்து லட்சம் கொடுங்கள், கம்பெனி இடமாற்ற விசா வாங்கித் தருகிறேன்" என்று ஒரு முகவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். நீங்கள் ஏற்கெனவே வேலை பார்க்காத நிறுவனத்துக்குள் இடமாற்றம் என்பது இருக்க முடியாது.

முதல் படி: எந்த நாடு, எந்த வழி

அமெரிக்கா என்றால் எல்-1. மேலாளர்களுக்கும் உயர் நிர்வாகிகளுக்கும் எல்-1ஏ. அதிகபட்சம் 7 ஆண்டுகள். நிறுவனத்துக்கே உரிய சிறப்பறிவு உள்ளவர்களுக்கு எல்-1பி. அதிகபட்சம் 5 ஆண்டுகள். எச்-1பி என்ற பொது வேலை விசா போலக் குலுக்கலும் இல்லை, ஆண்டு உச்சவரம்பும் இல்லை. 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்டணம் அறிவிக்கப்பட்டது. எல்-1க்கு அந்தக் கட்டணம் கிடையாது. நிறுவனங்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பினால் வியப்பதற்கில்லை. மனுக்கள் பெருகினால் அதிகாரிகளின் பார்வையும் கூர்மையாகும் என்பதையும் சேர்த்தே நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்டனில் பழைய இடமாற்ற விசா 2022 ஏப்ரல் 11 அன்று முடிந்து, 'சீனியர் ஆர் ஸ்பெஷலிஸ்ட் வொர்க்கர்' என்ற விசா வந்தது. 2025 ஜூலை முதல் ஆண்டுச் சம்பளம் குறைந்தது 52,500 பவுண்டு இருக்க வேண்டும். அந்த வேலைக்கு அரசு குறித்துள்ள சம்பளம் அதைவிட அதிகமென்றால் அந்தத் தொகைதான் கணக்கு. ஆங்கிலத் தேர்வு தேவையில்லை. ஆனால் இந்த விசாவில் எத்தனை ஆண்டு இருந்தாலும் நிரந்தரக் குடியிருப்புக்குக் கணக்கில் சேராது. "போய்ப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைப்பவர்கள் இதைப் போவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு 2014இல் இதற்கென்றே ஒரு பொதுச் சட்டம் வந்தது. டென்மார்க்கும் அயர்லாந்தும் மட்டும் அதில் சேரவில்லை. மேலாளர், நிபுணர் என்றால் 3 ஆண்டுகள். பயிற்சிப் பணியாளர் என்றால் 1 ஆண்டு. போவதற்கு முன் நிறுவனத்தில் எத்தனை மாதம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனி 6 மாதம் கேட்கிறது. விண்ணப்பம் ஐரோப்பாவுக்கு வெளியே இருந்துதான் போட வேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கனடாவும் ஜப்பானும் ஓராண்டுப் பணியைக் கேட்கின்றன. கனடாவில் இந்த வழிக்கு, உள்ளூரில் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டும் தொழிலாளர் சந்தை ஆய்வு தேவையில்லை என்பது பெரிய வசதி. ஜப்பானுக்கு முதலில் அங்குள்ள அலுவலகம் தகுதிச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். அது கைக்கு வந்த பிறகுதான் இங்கே விசா வேலை தொடங்கும்.

பிரான்ஸ் போகிறவர்களுக்குத் தனியாக

புதுச்சேரிக்காரர் பிரான்சுக்கு இடமாற்றம் என்றால், விண்ணப்பப் படிவத்தைத் தொடுவதற்கு முன் வீட்டில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். புதுச்சேரியைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட குடும்பங்கள் இங்கே இன்றும் இருக்கின்றன. உங்கள் மனைவியோ கணவரோ அப்படிப்பட்ட குடும்பத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக் குடிமகன் என்றால், நிறுவன இடமாற்றத்தில் போகிறவருக்குத் தரும் இடமாற்ற அட்டையைவிடக் குடும்ப வழி விசா பல மடங்கு மேல். இடமாற்ற அட்டை வேலையோடு ஒட்டியது. குடும்ப வழி அப்படியல்ல. ஹெச்.ஆருக்கு இந்த விவரம் தெரிந்திருக்க நியாயமில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மற்றவர்களுக்கு, இந்திய நிறுவனத்தின் பணி ஒப்பந்தத்திலேயே தொடர்ந்துகொண்டு பிரான்சில் வேலை பார்க்கும் இடமாற்ற வழி ஒன்று. பிரெஞ்சு நிறுவனமே உள்ளூர் ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொள்ளும் வழி இன்னொன்று. எது உங்களுடையது என்பதைப் பொறுத்துச் சம்பளம், சமூகப் பாதுகாப்பு, விடுமுறை எல்லாமே மாறும். "இரண்டும் ஒன்றுதான்" என்று மேலாளர் சொன்னால் எழுத்தில் கேளுங்கள். விசாவுக்குப் பிரெஞ்சு மொழித் தேர்வு கிடையாது. ஆனாலும் சஃப்ரேன் வீதி அலியான்ஸ் பிரான்சேஸில் முதல் நிலை வகுப்பையாவது முடித்துவிட்டுப் போகிறவருக்கு வாடகை வீட்டு ஒப்பந்தத்திலும் குழந்தையின் பள்ளிச் சேர்க்கையிலும் அதன் பலன் தெரியும். உங்களுடையது குடியிருப்பு அனுமதியாகவும் செல்லும் நீண்டகால விசா என்றால், அங்கே இறங்கியதும் 3 மாதத்துக்குள் அதை இணையத்தில் சரிபார்த்துப் பதிய வேண்டும். மறந்தால் தங்கும் உரிமையே போய்விடும்.

இரண்டாம் படி: அந்த ஓராண்டு உண்மையில் இருக்கிறதா

எல்-1க்கு, மனுவுக்கு முந்தைய 3 ஆண்டுகளுக்குள் தொடர்ச்சியாக 1 ஆண்டு முழுநேரமாக அமெரிக்காவுக்கு வெளியே, அதே குழும நிறுவனத்தில் வேலை பார்த்திருக்க வேண்டும். இடையில் அலுவல் பயணமாக அமெரிக்கா போயிருந்தால் தொடர்ச்சி அறுபடாது. ஆனால் அங்கே இருந்த நாட்கள் அந்த ஓராண்டுக் கணக்கில் சேராது.

நம் பக்கத்து ஆலைகளில் சிக்கல் வேறொரு இடத்தில் வரும். முதலில் ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்குச் சேர்த்து, சில வருடம் கழித்து நேரடி ஊழியராக்குவது இங்கே பரவலான வழக்கம். ஊழியரைக் கேட்டால் "ஐந்து வருடமாக இதே ஆலைதான்" என்பார். பி.எஃப். கணக்கைத் திறந்து பார்த்தால் நான்கு வருடத்துக்கு மேல் வேறொரு நிறுவனத்தின் பெயர் இருக்கும். அந்த மாதங்களை நம்பி மனுப் போடக்கூடாது. எனவே ஹெச்.ஆர். கேட்பதற்கு முன்பே பி.எஃப். இணையதளத்தில் உங்கள் யூ.ஏ.என். எண்ணைக் கொண்டு பணி வரலாற்றைப் பார்த்துவிடுங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்த நிறுவனம் என்று அங்கே தெளிவாக இருக்கும். நியமனக் கடிதம், சம்பளச் சீட்டுகள், ஃபார்ம் 16, வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றிலும் அதே நிறுவனப் பெயர், அதே தேதி இருக்க வேண்டும்.

அடுத்தது இரு அலுவலகங்களுக்கும் உள்ள உறவு. தாய் நிறுவனம், கிளை, துணை நிறுவனம், ஒரே உரிமையாளரின் கட்டுப்பாட்டில் உள்ள சகோதர நிறுவனம் என்றால் சரி. வெறும் வாடிக்கையாளர், உரிமம் வாங்கித் தயாரிப்பவர், ஒரே வணிகப் பெயரை வாடகைக்குப் பயன்படுத்துபவர் என்றால் ஆகாது. இதை நிரூபிப்பது நிறுவனத்தின் வேலை. ஆனால் நேர்காணலில் "இந்த இரண்டு கம்பெனிக்கும் என்ன உறவு?" என்று கேட்டால் பதில் உங்கள் வாயிலிருந்து வர வேண்டும். யாரிடம் எத்தனை விழுக்காடு பங்கு என்று ஒரு வரியில் சொல்லத் தெரிந்திருங்கள்.

மூன்றாம் படி: வேலை விவரம்

மனுவின் உயிர் இதில்தான் இருக்கிறது. இங்கே செலவழிக்கும் ஒரு வாரம் பின்னால் பல மாதங்களைக் காப்பாற்றும்.

சேதராப்பட்டில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பொறியாளரை எல்-1பி வழியில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ஹெச்.ஆர். தயாரிக்கும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: "இயந்திரங்களைப் பராமரித்தல், பழுது நீக்குதல், குழுவோடு ஒருங்கிணைந்து செயல்படுதல்." இதைப் படிக்கும் அதிகாரிக்கு உடனே எழும் கேள்வி, இந்த வேலைக்கு அமெரிக்காவிலேயே ஆள் கிடைக்கமாட்டாரா என்பதுதான். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

சிறப்பறிவு என்பது நிறுவனத்தின் சொந்தப் பொருள், சொந்தக் கருவி, சொந்தச் செய்முறை பற்றிய அறிவு. சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் திறமை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது இதில் சேராது. அதே பொறியாளரின் விவரத்தை இப்படி எழுதலாம்:

"வேலை நேரத்தில் 40 விழுக்காடு: நிறுவனம் தானே வடிவமைத்து, குழுமத்தின் மூன்று ஆலைகளில் மட்டும் இயங்கும் நிரப்பு வரிசையின் கட்டுப்பாட்டு நிரலைத் திருத்திச் சோதித்தல். 30 விழுக்காடு: புதிய ஆலையில் அந்த வரிசையை நிறுவும்போது எழும் அழுத்த வேறுபாடுகளை, இங்கு உருவாக்கிய அளவீட்டு முறையால் சரிசெய்தல். 20 விழுக்காடு: அங்குள்ள எட்டுப் பணியாளர்களுக்கு அந்த முறையில் பயிற்சி. 10 விழுக்காடு: பாதுகாப்பு ஆவணங்கள். இந்த அறிவைப் புதிதாக ஒருவருக்குக் கற்பிக்க 14 மாதங்கள் ஆகும்."

இப்போது வேலை கண்ணுக்குத் தெரிகிறது. இந்த மாதிரியை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். விழுக்காடும் மாதக் கணக்கும் உங்கள் வேலையிலிருந்து வர வேண்டும். செய்யாத வேலையை எழுதக்கூடாது என்பது நேர்மைக்காக மட்டுமல்ல. சன்னலில் இரண்டாவது கேள்வியிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

எல்-1ஏ வழியில் வேறு பொறி இருக்கிறது. ஷிப்ட் மேற்பார்வையாளர் முப்பது பேரை மேய்த்தாலும் அமெரிக்கச் சட்டத்தின் கண்ணில் அவர் தானாக மேலாளர் ஆகமாட்டார். அவருக்குக் கீழே உள்ளவர்கள் தொழில்முறைப் பட்டதாரிகளாகவோ, தாங்களே மேற்பார்வையாளர்களாகவோ இருக்க வேண்டும். மறுபக்கம், கீழே ஒருவர்கூட இல்லாமல் நிறுவனத்தின் முக்கியமான ஒரு துறையை முழுப் பொறுப்போடு நடத்துபவர் மேலாளர் என்ற வரையறைக்குள் வர முடியும். பதவிப் பெயரைவிட, யாரை வேலைக்கு எடுப்பது, எதற்குச் செலவழிப்பது என்ற முடிவுகள் யார் கையில் என்பதே எடைபோடப்படும். அமைப்பு வரைபடத்தில் உங்கள் பெட்டிக்கு மேலும் கீழும் இருக்கும் பெயர்களைச் சரிபாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் பெயர் இன்னும் அதில் இருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள்.

மென்பொருள் ஊழியர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. வாடிக்கையாளர் அலுவலகத்தில் உட்கார்ந்து, வாடிக்கையாளரின் மேற்பார்வையில், வெறும் ஆள் பலமாக வேலை பார்ப்பதற்கு எல்-1பி கொடுக்கக்கூடாது என்று 2004இல் சட்டமே வந்துவிட்டது. வேலை இடம் என்ற கட்டத்தில் எந்த முகவரி இருக்கிறது என்று பாருங்கள். அது வாடிக்கையாளரின் முகவரி என்றால், உங்கள் வேலையை மேற்பார்ப்பது யார், உங்கள் நிறுவனத்தின் எந்தச் சொந்தப் பொருள் அங்கே பயன்படுகிறது என்பதற்கு மனுவில் பதில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

நான்காம் படி: பெயர், சான்றிதழ், இரண்டு அரசுகள்

தமிழ்ப் பெயரும் முதலெழுத்தும் கொடுக்கும் தொல்லை எல்லோருக்கும் தெரிந்ததே. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருந்தால், அமெரிக்க விசாவில் உங்கள் பெயர் குடும்பப் பெயர் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் கட்டத்தில் 'பெயர் தெரியாது' என்று பொருள்படும் எஃப்.என்.யூ. எழுத்துகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு அங்கே ஓட்டுநர் உரிமம், வங்கி, சம்பளம் என்று ஒவ்வோர் இடத்திலும் விளக்கிக்கொண்டிருக்க வேண்டும். மனுப் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டில் முதலெழுத்தை விரித்துத் திருத்திவிடுங்கள். மனு போன பிறகு பெயரை மாற்றினால் மனுவில் ஒன்றும் பாஸ்போர்ட்டில் ஒன்றுமாகிவிடும்.

சான்றிதழ் விஷயத்தில் நம் ஊருக்கென்றே ஒரு குழப்பம் உண்டு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஒரு பஸ் பயணம்தான்; ஆனால் அரசுகள் இரண்டு. பிறந்தது கடலூர் அரசு மருத்துவமனை, படித்தது புதுச்சேரிக் கல்லூரி, கல்யாணம் திருவந்திபுரம் கோயில், குடியிருப்பது அரியாங்குப்பம் என்று ஒருவருடைய வாழ்க்கை எல்லையை மூன்று முறை தாண்டியிருக்கும். சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்கு உறுதிசெய்யும், ஐரோப்பிய நாடுகள் கேட்கும் அப்போஸ்டில் முத்திரைக்கு, சான்றிதழ் எந்த அரசு கொடுத்ததோ அந்த அரசு முதலில் சரிபார்க்க வேண்டும். அதன் பிறகே வெளியுறவு அமைச்சகம் முத்திரை வைக்கும். தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழைப் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்குக் கொண்டுபோவதில் பயனில்லை. தாள்களை முதல் நாளே இரண்டாகப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க எல்-1 விசாவுக்கு அப்போஸ்டில் தேவையில்லை.

திருவந்திபுரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. முகூர்த்த நாட்களில் அங்கே வரிசையில் நின்று தாலி கட்டிக்கொள்ளும் தம்பதிகளில் பலர் கோயில் கொடுக்கும் ரசீதையே திருமணச் சான்றிதழ் என்று நினைத்துப் பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எந்தத் தூதரகமும் அதை ஏற்காது. திருமணம் நடந்தது தமிழ்நாட்டில் என்பதால், புதுச்சேரியில் வசித்தாலும் பெரும்பாலும் கடலூர்ப் பக்கத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிய வேண்டியிருக்கும். கணவன் மனைவி இருவரும் நேரில் போக வேண்டும், சாட்சிகள் வேண்டும். இடமாற்றப் பேச்சு எழுந்த வாரமே இதை முடித்துவிடுங்கள்.

ஐந்தாம் படி: மனுவும் சென்னையும்

அமெரிக்க மனு இரு வகையில் நடக்கும். தனி மனு என்றால் நிறுவனம் ஐ-129 படிவத்தை அமெரிக்காவில் தாக்கல் செய்யும். கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாட்களில் நடவடிக்கை உண்டு. பெரிய நிறுவனங்கள் முன்கூட்டியே பொது ஒப்புதல் ஒன்று வாங்கி வைத்திருக்கும். அப்போது ஐ-129எஸ் படிவத்தோடு நீங்கள் நேராகத் தூதரகம் போகலாம். இரண்டாவது வழி விரைவானது. ஆனால் அங்கே உங்கள் தகுதியை முதன்முதலில் எடைபோடுபவர் சன்னலுக்குப் பின்னால் இருக்கும் அதிகாரியே. தனி மனுவில் வழக்கறிஞர் பல பக்கங்களில் விளக்கியதை நீங்கள் சில நிமிடங்களில் சொல்ல வேண்டும்.

டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை நீங்களே நிரப்புங்கள், அல்லது நிரப்பியதை வரிவரியாகப் படியுங்கள். மனுவில் உள்ள சம்பளமும் பதவியும் அதில் அப்படியே இருக்க வேண்டும். விரல்ரேகைக்கு ஒரு நாள், நேர்காணலுக்கு ஒரு நாள் என்று இரண்டு வருகை. காலை நேரம் கிடைத்தால் புதுச்சேரியிலிருந்து விடியற்காலை பஸ்ஸை நம்பிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் புறப்பட வேண்டாம். முந்தின நாளே சென்னை போய்விடுங்கள். அண்ணா சாலைத் தூதரகத்துக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கூட வருபவரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

கேள்விகள் எளிமையாகவே இருக்கும். நிறுவனம் என்ன செய்கிறது, அங்கே நீங்கள் என்ன செய்வீர்கள், உங்களுக்குக் கீழே எத்தனை பேர், ஏன் நீங்கள்தான் போக வேண்டும், சம்பளம் எவ்வளவு. தமிழில் பேசுவதைவிட ஆங்கிலத்தில் தடுமாறுவீர்கள் என்றால், முன்பதிவிலேயே தமிழைத் தேர்ந்துகொள்வதில் தவறில்லை. மனப்பாடம் செய்த பதில் ஒப்பிப்பது போலத்தான் கேட்கும். உங்கள் இயந்திரத்தைப் பற்றி ஊரில் மாமாவிடம் விளக்குவது போலச் சொல்லுங்கள்.

பிரிட்டனுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும், 6 மாதத்துக்கு மேல் கனடாவில் தங்கப்போகிறவருக்கு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவரிடம் உடல் பரிசோதனையும் தேவை. இதற்கும் ஒரு சென்னைப் பயணம்.

ஆறாம் படி: கையெழுத்துக்கு முன்

விசாவைவிட இடமாற்றக் கடிதத்தில்தான் ஊழியர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து. சம்பளம் எந்த நாட்டில், எந்த நாணயத்தில் வரும்? திரும்பி வந்தால் எந்தப் பதவி? பாதியில் திருப்பி அழைத்தால் விமானச் செலவு யாருடையது? "இரண்டு வருடத்துக்குள் வேலையை விட்டால் விசாச் செலவைத் திருப்பித் தர வேண்டும்" என்ற வரி இருந்தால், தொகை எவ்வளவு, மாதத்துக்கு மாதம் குறையுமா என்று கேளுங்கள்.

சமூகப் பாதுகாப்பை யாரும் நினைவூட்டமாட்டார்கள். பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், கனடா போன்ற நாடுகளோடு இந்தியாவுக்கு ஒப்பந்தம் உண்டு. போவதற்கு முன் பி.எஃப். அலுவலகத்தின் வழியாக நிறுவனம் ஒரு 'சர்டிஃபிகேட் ஆஃப் கவரேஜ்' சான்றிதழ் வாங்கிவிட்டால், அங்கே அந்தப் பிடித்தத்திலிருந்து விலக்குக் கிடைக்கும்; இங்கே பி.எஃப். தொடரும். அமெரிக்காவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. எல்-1இல் இருப்பவரின் சம்பளத்தில் 7.65 விழுக்காடு சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் போகும். ஓய்வூதியம் பெறச் சுமார் 10 ஆண்டு வேலை வேண்டும். எல்-1இன் ஆயுளோ அதிகபட்சம் 7 ஆண்டு. சம்பளப் பேச்சில் இந்த இழப்பைச் சேர்த்துப் பேச உங்களுக்கு உரிமை உண்டு.

மனைவியோ கணவரோ அங்கே வேலை பார்க்க முடியுமா என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 2021 நவம்பர் முதல் எல்-1 ஊழியரோடு எல்-2 விசாவில் போகும் துணைவர் தனி அனுமதி அட்டை இல்லாமலே வேலை பார்க்கலாம். பிரான்சிலும் ஜெர்மனியிலும் முடியும். ஜப்பானில் அனுமதி வாங்கினாலும் வாரத்துக்கு 28 மணி நேரம்தான்.

இறங்கிய பிறகு

அமெரிக்காவில் நீங்கள் எதுவரை தங்கலாம் என்பதை முடிவுசெய்வது பாஸ்போர்ட்டில் உள்ள விசா அல்ல, நாட்டுக்குள் நுழையும்போது செய்யப்படும் ஐ-94 என்ற வருகைப் பதிவு. விமான நிலையத்திலிருந்து வீடு சேர்ந்ததும் இணையத்தில் அதை எடுத்துப் பாருங்கள். பாஸ்போர்ட் சீக்கிரம் காலாவதியாவதாக இருந்தால் அந்தத் தேதியோடு நிறுத்திவிடுவது உண்டு. துணைவரின் பதிவில் எல்-2எஸ் என்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். அந்த ஓர் எழுத்தைக் கொண்டுதான் அவர் வேலைக்குச் சேர முடியும்.

வேலை மாறினாலோ, பதவி பெரிதாக மாறினாலோ, நிறுவனமே வேறு குழுமத்துக்கு விற்கப்பட்டாலோ, மனுவைத் திருத்த வேண்டுமா என்று நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் உடனே கேளுங்கள். வேலை போய்விட்டால் 60 நாட்கள் வரை அவகாசம் உண்டு. அதற்குள் வேறு விசா வகைக்கு மாற மனுப் போட வேண்டும், இல்லையென்றால் புறப்பட வேண்டும்.

அமெரிக்காவுக்கு வெளியே கழித்த நாட்கள் அந்த 5 அல்லது 7 ஆண்டுக் கணக்கில் சேராது. பொங்கலுக்கு வந்த இரண்டு வாரம், தங்கையின் கல்யாணத்துக்கு வந்த ஒரு மாதம் எல்லாவற்றையும் முடிவில் திரும்பக் கேட்கலாம். விமானச் சீட்டுகளையும் குடிவரவு முத்திரைகளையும் எறிந்துவிடாமல் வைத்திருங்கள். முழுக் காலமும் முடிந்தவர் மீண்டும் எல்-1இல் போக வேண்டுமானால் 1 ஆண்டு வெளியே இருக்க வேண்டும்.